சித்திக்கு ரெண்டே ரெண்டு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த இணைப்புல நடிகை ராதிகாவப் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. ரெண்டு தடவை படிச்சேன். 1978ல பாரதிராஜாவோட கிழக்கே போகும் ரயில்ல பாஞ்சாலியா வந்ததுல ஆரம்பிச்சு எந்தெந்த படம், கூட யாரு ஹீரோ, என்னென்ன அவார்டு எல்லாம் வரிசையா இருந்துச்சு, போட்டோவும் நல்லாருந்துச்சு. ஆனா டிவியப் பத்தி எங்க எழுதியிருக்கீங்கன்னு தேடுனா கடைசி பத்தியில, சினிமால சான்ஸ் குறைஞ்ச பிறகு சின்னத்திரைக்கு வந்து அங்கயும் பேர் எடுத்தாங்கங்கிற மாதிரி ரெண்டே ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியில "அழுகாச்சி"ங்கிற வார்த்தை வேற. அத படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் இத எழுதுறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலைக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கேன், வீட்டுலயே தையல் மெஷின் வச்சு ஜாக்கெட் தச்சுக் குடுக்கிறேன். சினிமாவ குறைச்சு சொல்றதுக்காக எழுதல. அந்தப் படங்களும் பாத்திருக்கோம், மார்த்தாண்டத்துலயும் தக்கலையிலயும் தியேட்டருக்குப் போயி பாத்திருக்கோம். ஆனா சினிமாங்கிறது எங்கள மாதிரி பொம்பளைங்களுக்கு வருசத்துல ரெண்டு மூணு நாள், அதுவும் யாராவது கூட்டிட்டுப் போனாதான். டிவியில அவங்க வாரத்துல அஞ்சு நாளு எங்க வீட்டுக்குள்ள வந்தாங்க, ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்ல, இருபது வருசம். இதுல எது பெரிய வேலைன்னு கேட்டா எங்க தெருவுல இருக்கிற எந்தப் பொம்பளையும் யோசிக்காம சொல்லிருவா.

சித்தி சீரியல் 1999 டிசம்பர்ல சன் டிவியில ஆரம்பிச்சுது. அப்போ எங்க பக்கம் டிவின்னா எப்படி இருந்துச்சுன்னு சென்னையில இருக்கிறவங்களுக்கு தெரியாது. ரொம்ப வருசமா எங்களுக்கு திருவனந்தபுரம் தூர்தர்ஷன்தான், உயரமா கம்பி நட்டு அது உச்சியில ஆண்டெனாவ கட்டி வச்சிருப்பாங்க, காத்தடிச்சா ஒருத்தர் மேல ஏறி திருப்பணும், இன்னொருத்தர் கீழ நின்னு "வந்துட்டு வந்துட்டு, ஐயோ போச்சு"ன்னு சத்தம் போடணும். அதனால எங்க ஆளுங்களுக்கு மலையாள நியூஸ், மலையாள படம் எல்லாம் பழக்கம். கேபிள் வந்த பிறகும் என் மாமனாருக்கு ஏசியாநெட்தான், அவரு ராத்திரி டிவி முன்னால சேர போட்டு உக்காந்தா வேற யாரும் சேனல் மாத்த முடியாது. அந்த மனுசன் தானா எந்திரிச்சு திண்ணைக்குப் போயி, நீங்க அத போடுங்கன்னு சொல்ற நிலைமைக்கு வந்தாருன்னா அது அந்த ஒரு சீரியலுக்காகத்தான். அதோட டைட்டில் பாட்டு ஒரு வீட்டுல கேட்டா போதும், தெருவுல நடந்து போயிட்டிருக்கிற பொம்பளைங்க எல்லாம் நடைய கூட்டுவாங்க. எங்க அம்மை அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிக்கொட்டை ஃபேக்டரியில வேலை பாத்தா, சாயங்காலம் வந்து குளிச்சு கையில இருக்கிற அண்டிக்கறைய தேச்சு தேச்சு கழுவி, மீன் வெட்டி கறி வச்சு, எல்லாருக்கும் சோறு போட்டு, அதுக்குப் பிறகுதான் உக்காருவா. காலு நீட்டி சுவருல சாஞ்சு அவ உக்காந்து நான் பாத்தது அந்த அரைமணி நேரம் மட்டும்தான்.

இப்போ என் சொந்த விசயத்த சொல்லணும், சொல்லலன்னா நான் ஏன் இவ்வளவு எழுதுறேன்னு உங்களுக்கு விளங்காது.

நான் ரெண்டாங்கெட்டா வந்தவ. 2000ம் வருசம் தை மாசம் எனக்கு கல்யாணம், அவருக்கு மூத்த சம்சாரம் இறந்து ஒன்றரை வருசம் ஆகியிருந்துச்சு, ஆறு வயசுல ஒரு பெண்குட்டி. எங்க அம்மை கையில இருந்தது என்னன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால என்ன மாதிரி வீட்டுல பிறந்தவளுக்கு அப்படி ஒரு சம்பந்தம்தான் வந்துச்சு, அத பத்தி எனக்கு வருத்தம் இல்ல, அவரு நல்ல மனுசன். ஆனா அந்த முதல் ஆறு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளைக்கு தலை சீவி விட்டா இறுக்கி பின்னியிருக்கான்னு சொல்லுவாங்க, சீவாம விட்டா கவனிக்கலன்னு சொல்லுவாங்க. பிள்ளை மெலிஞ்சா நான் சோறு போடல. பிள்ளைக்கு காய்ச்சல் வந்தா நான் குளிரவச்சு விட்டுட்டேன். பிள்ளைகிட்டயே "அவ தர்றத பாத்து தின்னு"ன்னு சொல்லிக்குடுத்த ஆளுங்க உண்டு. நாம கேட்டு வளர்ந்த கதை எல்லாத்துலயும் மாற்றாந்தாய்னா கொடுமைக்காரிதானே, பழைய படத்துலயும் அப்படித்தானே காட்டியிருக்காங்க. அப்போ என் மூஞ்சியப் பாத்தா அவங்களுக்கு அந்தக் கதைதான் தெரிஞ்சிருக்கு.

அந்த நேரத்துலதான் ராதிகா சாரதாவா வந்தாங்க. ரெண்டாந்தாரமா போயி, மூத்தா பிள்ளைய தன் பிள்ளையா நெஞ்சுல போட்டு வளக்கிற சித்தி. சிவகுமார் சார் வீட்டுக்காரரா நடிச்சாரு. தினமும் ராத்திரி எங்க ஹால்ல, எங்க மாமியார், பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு, என் நாத்தனார், எல்லாரும் அந்த சாரதாவுக்காக அழுறாங்க, சாரதாவ பேசுறவங்கள திட்டுறாங்க. நான் அடுக்களை வாசல்ல நின்னு பாத்துட்டிருப்பேன். இவங்க திட்டுறதுல பாதி, பகல்ல இவங்களே என்ன சொன்னதுதான். அது அவங்களுக்கும் பைய பைய உறைச்சிருக்கு. ஒருநாளு விளம்பரம் ஓடும்போது மாமியார் திரும்பிப் பாத்து "நீ சோறு தின்னியா மக்ளே"ன்னு கேட்டாவ. கல்யாணம் ஆகி அஞ்சு மாசத்துல முதல் தடவையா கேட்டாவ. அந்த இடம், அந்த நேரம், டிவியில ஓடுன சோப்பு விளம்பரம் எல்லாம் எனக்கு இன்னைக்கும் ஓர்மை இருக்கு.

ஒரு சீரியல் ஒரு தெருவயே மாத்திட்டுன்னு நான் சொல்ல வரல, மாறாதவங்க மாறாமதான் இருந்தாங்க. ஆனா எனக்கு ஒரு பேரு கிடைச்சுது. எங்க பக்கம் அம்மையோட தங்கச்சிய, அப்பாவோட ரெண்டாங்கெட்டு சம்சாரத்த எல்லாம் சின்னம்மைன்னுதான் கூப்பிடுவோம், இன்னும் மேக்க போனா குஞ்ஞம்மைன்னு சொல்லுவாங்க. அதுல இந்த ரெண்டாங்கெட்டு சின்னம்மைங்கிறது ஒரு மாதிரி இறக்கி சொல்ற சொல்லாத்தான் இருந்துச்சு. சித்திங்கிற சொல்லு எங்க வீட்டுக்கு டிவி வழியாத்தான் வந்துச்சு, வரும்போதே மரியாதையோட வந்துச்சு. என் மக ஸ்கூல்ல யாரோ கேட்டதுக்கு "அது எனக்க சித்தி"ன்னு சொல்லியிருக்கா. அத டீச்சர் என்கிட்ட வந்து சொன்னப்போ நான் அங்கயே நின்னு அழுதுட்டேன். அதுதான் உங்க பேப்பர்ல போட்ட அழுகாச்சி.

இனி அவங்க வேலையப் பத்தி. சினிமால சான்ஸ் குறைஞ்சதால வந்தாங்கன்னு எழுதுறது சரியான கணக்கே இல்ல. 1993ல வந்த கிழக்குச் சீமையிலே எல்லாரும் பாத்த படம்தான், அதுல விருமாயியா என்ன நடிப்பு. ஆனா அந்த வயசுலயே வளந்த பிள்ளைக்கு அம்மாவா நடிக்க வேண்டியிருந்துச்சு. அதே வயசு ஹீரோக்கள் எல்லாம் காலேஜ் பையனா பாட்டுப் பாடிட்டு இருந்தாங்க. முப்பது தாண்டின நடிகைக்கு சினிமால இருக்கிற இடம் அதுதான், ஒண்ணு அம்மா, இல்ல அக்கா, இல்ல அண்ணி. அப்போ இவங்க என்ன பண்ணாங்க, குடுக்கிற ஓரத்துல நின்னு நடிச்சிட்டு மட்டும் போகல, ராடான்னு சொந்தக் கம்பெனி வச்சு, கதை, ஆளு, ஷூட்டிங், சம்பளம், சேனல்காரங்ககிட்ட பேச்சு எல்லாத்தையும் தன் தலையில ஏத்திக்கிட்டு, அந்தக் கதைக்கு நடுவுல தான் நின்னாங்க. நாப்பது வயசுப் பொம்பளைய சுத்தி கதை நகந்துச்சு. அவ முடிவு எடுக்கிறா, அவ கோவப்படுறா, அவ தப்பும் பண்றா. பின்னால அந்தக் கம்பெனி பங்குச்சந்தையில பட்டியல் போடுற அளவுக்கு வளந்துச்சு. தயாரிப்புங்கிறது அவங்களுக்கு டிவியிலதான் முதல்ல வந்த பழக்கமும் இல்ல, எண்பதுகள்லயே அவங்க தயாரிச்சு பிரதாப் போத்தன் இயக்குன மீண்டும் ஒரு காதல் கதைக்கு முதல் பட இயக்குநருக்கான தேசிய விருது கிடைச்சிருக்கு. இத நீங்க எழுதியிருந்தீங்க, ஆனா அதுக்கும் ராடானுக்கும் ஒரே கோடுதான்னு எழுதல.

இன்னொண்ணும் விட்டுட்டீங்க. எம்.ஆர்.ராதாவோட மகள்னு ஒரு வரி போட்டிருக்கீங்க, சரி. அவரு நாடகத்துலயே ஊறுன மனுசன், மக சினிமாவுக்கு வந்த அடுத்த வருசம், 1979ல இறந்துட்டாரு. நாடகம்னா என்ன, தினமும் ஆள முன்னால உக்கார வச்சு கதைய நடத்தணும், இன்னைக்கு வந்தவன் நாளைக்கும் வரணும். இந்த தினசரி சீரியலும் அதே சோலிதானே. எங்க நாகர்கோவில் ஆளுங்களுக்கு இது நல்லாவே விளங்கும். ஒழுகினசேரியில பிறந்து நாடகக் கம்பெனி வழியா போன கலைவாணரு என்.எஸ்.கிருஷ்ணன் நடிக்கிறதோட நிக்காம சொந்தமா படமும் எடுத்தாரு, டைரக்சனும் பண்ணாரு, மணிமேடையில அவரு சிலை நிக்குது, பஸ்சுல போகும்போதெல்லாம் பாக்குறோம். அவரப் பத்தி எழுதும்போது அவரு கம்பெனி நடத்துனத யாரும் ரெண்டு வரியில முடிக்க மாட்டாங்க. ஒரு பொம்பளை அதே வேலைய இருபது வருசம் பண்ணா அது மட்டும் ஏன் கடைசி பத்திக்குப் போகுது?

குரலப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். முதல் மரியாதையில ராதாவுக்கு குரல் குடுத்தது ராதிகாதான், 1985ல. குயிலுங்கிற அந்தப் பாத்திரத்தோட பேச்சக் கேட்டு எத்தனை பேரு உருகியிருக்காங்க, மூஞ்சி வேற ஆளோடது. அடுக்களையில நின்னு சீரியல் பாக்குறவளுக்கு குரல்தான் எல்லாமே, பாதி நேரம் டிவிக்கு முதுகு காட்டிட்டு தோசை சுட்டுட்டு இருப்போம், காதுலதான் கதை. அவங்க குரல் லேசா கரகரப்பா இருக்கும், கோவம் வந்தா ஏறும், அழும்போது உடையும், பாக்கவே வேண்டாம், என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிரும். அதனாலதான் அவங்க டிவியில இவ்வளவு காலம் நின்னாங்கன்னு நான் நினைக்கிறேன்.

சித்தி 2001 நவம்பர்ல முடிஞ்சுது. தெலுங்குலயும் பின்னின்னு டப் பண்ணி ஓடுச்சு. அப்புறம் அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, 2013ல இருந்து 2018 வரைக்கும் வாணி ராணி. வாணி ராணியில ரெட்டைப் பிறவி, ஒருத்தி வக்கீலு, இன்னொருத்தி வீட்டோட இருக்கிறவ, ரெண்டு பேரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிய கெட்டினவங்க. ரெண்டு வேசத்துலயும் ராதிகாதான், ரெண்டும் ஒரே ஆளுன்னு எங்க மாமியார் கடைசி வரைக்கும் நம்பல, அக்கா தங்கச்சின்னே சொல்லிட்டிருந்தாவ. அந்த அளவுக்கு நடை, பேச்சு, சேலை கட்டுறது எல்லாமே வேற வேற. அத அஞ்சு வருசம் பிடிச்சு நிறுத்துறது லேசுப்பட்ட காரியமா? ஒரு படத்துல ரெட்டை வேசம் போட்டா போஸ்டர் அடிக்கிறோம், அது ரெண்டரை மணி நேரம்.

குறையே இல்லன்னு சொல்லமாட்டேன். வர வர கதைய இழுத்தாங்க, வில்லிய வச்சே நாள ஓட்டுனாங்க, விசம் வைக்கிறது, ஆள கடத்துறது, ஆஸ்பத்திரி, ஜெயிலுன்னு போட்டு கொஞ்ச நாளு எங்களுக்கே வெறுத்துப் போச்சு. கல்யாண வீட்டுல வந்த பொம்பளைங்க தாலி கட்டுன உடனே சீரியலுக்கு நேரமாச்சுன்னு ஓடுனதும் நடந்துச்சு, அது நல்லதுன்னு நான் வாதாட வரல. பிள்ளைங்க படிக்கிற நேரத்துல டிவி சத்தம் ஒரு பெரிய தொந்தரவு, என் மக பத்தாங்கிளாஸ் படிச்ச வருசம் நானே கேபிள கட் பண்ணிட்டேன். இந்தக் குறைய எல்லாம் நீங்க விரிவா எழுதியிருந்தாக்கூட எனக்கு சந்தோசமா இருந்திருக்கும், ஏன்னா குறை சொல்றதுக்கும் முதல்ல பாக்கணும். பாக்காம ஒரு வார்த்தையில தள்ளுனதுதான் எனக்கு பொறுக்கல.

ஓகி புயல் வந்தப்போ, 2017 நவம்பர் 30, வாணி ராணி ஓடிட்டு இருந்துச்சு. எங்க பக்கம் ரப்பர் மரம், வாழை, தென்னை எல்லாம் சாஞ்சு ரோடே தெரியல, கறண்டு கம்பம் வரிசையா விழுந்து கிடந்துச்சு. கடக்கரை ஊர்கள்ல இருந்து கடலுக்குப் போன ஆளுங்க திரும்பி வரலன்னு நாளுக்கு நாளு சேதி வந்துட்டே இருந்துச்சு, யாருக்கும் சோறு இறங்கல. எங்க வீட்டுக்கு பத்து பன்னெண்டு நாளு கழிச்சுதான் கறண்டு வந்துச்சு. முதல்ல நியூஸ்தான் போட்டோம், எல்லாரும் அழுதாங்க. அதுக்கு அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ ராத்திரி ஒன்பதரைக்கு யாரும் ஒண்ணும் சொல்லாமலே மாமியார் ரிமோட்ட எடுத்து வாணி ராணி வச்சாவ. கதை எங்கயோ போயிருந்துச்சு, ஒண்ணும் விளங்கல. ஆனா அந்தக் குரலு வீட்டுக்குள்ள கேட்டப்போதான் வீடு பழையபடி வீடா ஆன மாதிரி இருந்துச்சு. நான் அன்னைக்கு ராத்திரிதான் பல நாளு கழிச்சு நல்லா உறங்குனேன்.

கோடீஸ்வரி நிகழ்ச்சியும் உங்க கட்டுரையில இல்லவே இல்ல. 2019 டிசம்பர்ல கலர்ஸ் தமிழ்ல ஆரம்பிச்சுது, முழுக்க பொம்பளைங்களுக்கு மட்டும். அதுல மதுரையில இருந்து வந்த ஒரு பொண்ணு, காதும் கேக்காது வாயும் பேச வராது, கேள்வி எல்லாத்துக்கும் பதில் சொல்லி ஒரு கோடி ஜெயிச்சுது. எதிர உக்காந்து ராதிகா அந்தப் பொண்ணு முகத்தையே பாத்து, அவசரப்படுத்தாம, பாவம்னு உச்சு கொட்டாம, மத்த எல்லாருகிட்டயும் எப்படி பேசுனாங்களோ அப்படியே நடத்துனாங்க. நிகழ்ச்சி நடத்துறதுன்னா சத்தம் போட்டு சிரிக்கிறதுதான்னு இப்போ ஆகிப்போச்சு, அடுத்தவங்க பேச இடம் விடுறதுதான் அதுல கஷ்டமான பாகம்னு எனக்கு அன்னைக்குப் புரிஞ்சுது. சமையல்காரி, டீச்சர், கூலி வேலைக்குப் போறவ எல்லாரும் அந்த சேர்ல உக்காந்து தன் வீட்டுக் கதைய சொன்னா அவங்க குறுக்க பேசாம கேப்பாங்க.

2020 ஜனவரியில சித்தி 2 வந்துச்சு, நடுவுலயே அரசியலுக்காக அதுல இருந்து விலகிட்டாங்க. அவங்க அரசியல் எனக்கு முக்கியம் இல்ல, 2024ல விருதுநகர்ல நின்னு தோத்ததும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா விலகுன அன்னைக்கு எங்க தெருவுல அது பேச்சா இருந்துச்சு. எங்க பக்கத்து ஆளுங்க மலையாளப் படமும் பாக்குறவங்கதானே, ராமலீலாவுல திலீப்புக்கு அம்மாவா வந்தப்பவும், இட்டிமாணியில மோகன்லால் கூட நடிச்சப்பவும் தியேட்டர்ல எங்க ஊரு பொம்பளைங்க "அங்க பாரு நம்ம சித்தி"ன்னுதான் சொன்னாங்க. பாஞ்சாலின்னு யாரும் சொல்லல.

இப்போ உங்ககிட்ட கேக்க வேண்டியதுக்கு வர்றேன். இன்னொரு ஞாயித்துக்கிழமை இதே அளவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி அவங்க டிவி வேலைய மட்டும் எழுதுங்க. ஒரு நாள் எபிசோடு எப்படி தயாராகுது, ஒரு நாளைக்கு எத்தனை சீன் எடுப்பாங்க, யார் யாரெல்லாம் அதுல பொழைச்சாங்க, அந்தக் கேமராமேன், வசனம் எழுதுனவங்க, மேக்கப்காரங்க, அவங்ககிட்ட கேளுங்க. சென்னையில இருக்கிற விமர்சகர்கள்கிட்ட மட்டும் கேக்காம அண்டி ஆபீஸ்ல, ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போறவங்ககிட்ட, கயிறு திரிக்கிறவங்ககிட்ட ஒரு ஆள அனுப்பி கேளுங்க, எங்க ஊருக்கு வந்தா நானே கூட்டிட்டுப் போயி காட்டுறேன். எங்க அம்மை இப்போ இல்ல. மாமியாருக்கு எண்பது தாண்டிட்டு, காது சரியா கேக்கல, ஆனா அந்த டைட்டில் பாட்டு போன்ல போட்டா இப்பவும் திரும்பிப் பாக்காவ. போன வாரம் என் மக அவ பிள்ளையோட வந்திருந்தா, உங்க பேப்பர அவதான் முதல்ல பாத்தா, "சித்தி, இதுல சித்தி பத்தியே இல்லியே"ன்னு கேட்டா.

அந்தப் பக்கத்த நான் மடிச்சு பீரோவுல வச்சிருக்கேன். மிச்சத்த எழுதுனீங்கன்னா அதையும் கூட சேத்து வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.